இருபத்தெட்டாம் வரி

கல்முனை பிரதான வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் றஸாக்கின் கம்பனி இருக்கிறது. பலகையில் 'மென்பொருள்' என்று எழுதியிருக்கிறது. கீழே புடவை எடுக்க வருகிற பெண்களுக்கு அது 'கொம்பியூட்டர் கடை', அவ்வளவுதான். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஏழு பேர் செய்கிறவர்கள். எட்டாவது ஆளின் வேலை, அந்த ஏழு பேரும் செய்து வைத்தது எங்கே உடையும் என்று தட்டிப் பார்ப்பது. அவள்தான் றினோஸா.

நற்பிட்டிமுனையில் பிறந்தவள். உம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டிலேயே கல்யாணம் முடித்து இருக்கிறவள். புருஷன் நளீம் சாய்ந்தமருதுக்காரர், தோணி எஞ்சின் திருத்துகிறவர். ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு ஒரு சூட்கேசும் ஒரு ஸ்பானர் பெட்டியுமாகப் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஒரேயொரு மகள், ஐந்தாம் வகுப்பு. றினோஸாவுக்கு வயது முப்பத்தைந்து. உயர்தரத்தில் கணிதம் எடுத்துப் பல்கலைக்கழகம் கைக்கெட்டாமல் போனபோது, மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் ஊரிலிருந்த ஒரு நெல் மில்லில் மூடை எண்ணிக் குறிக்கிற வேலைக்குப் போனாள். போனவள் ஆறு வருஷம் அங்கேயே இருந்துவிட்டாள்.

அந்த ஆறு வருஷம் வீண் என்று அவளுடைய மாமிமார் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவள் இன்று செய்கிற வேலையை அவளுக்குப் படிப்பித்தது அந்த மில்தான்.

மில்லில் மூடை ஏற்றும்போது முதலாவது மூடையை யாரும் 'ஒண்டு' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு', அதற்கடுத்தது 'மூண்டு'. ஒரு தடவை புதிதாக வந்த சுமைக்காரர் ஒருவர், 'லாபம்' என்று பக்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த மூடைக்கு 'ஒண்டு' என்றார். அன்றைக்கு லொறியில் ஒரு மூடை கூடிப் போய்விட்டது. மில்லே ரெண்டுபட்டது. எங்கே பிழை என்று எல்லாரும் கணக்குக் கொப்பியின் நடுப்பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, றினோஸா முதல் வரியில் விரலை வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. நடுவில் யாரும் பிழை விடுவதில்லை. பிழை இருக்கிறதென்றால் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியில் இருக்கும்.

கடைசிக்கும் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுதுபட மூடை எண்ணி முடிந்தால், கொப்பியில் கடைசி வரிக்குக் கீழே கோடு கிழிக்கக் கூடாது. 'முடிவு' என்றும் எழுதக் கூடாது. நெல்லுக்கு முடிவு எழுதினால் பறக்கத், அதாவது ஆண்டவன் தருகிற பெருக்கம், போய்விடும். வரியை அப்படியே திறந்து விட்டுவிட்டுப் பேனையை மூடவேண்டும். அதை நம்பினாளா இல்லையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆறு வருஷம் கை பழகிவிட்டது.

பிறகு கல்முனையில் ஒரு கணினி வகுப்பு, அங்கிருந்து றஸாக்கின் கம்பனி. நேர்முகத்தில் றஸாக் ஒரு செயலியைத் திறந்து கொடுத்து, "பிழை கண்டு புடி" என்றார். அவள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தாள். ஏழு நிமிஷத்தில் மூன்று பிழை. "நடுவ பாக்கல்லயா புள்ள?" என்று அவர் கேட்க, "நடு தன்னப் பாத்துக்கும் காக்கா" என்றாள். காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்.

அந்தக் கம்பனியின் சொந்தப் பொருள் ஒன்று உண்டு. பெயர் 'தடம்'. கணினியில் எழுதுகிற கோப்புகளில் எந்த வரியை யார், எப்போது எழுதினார், யார் மாற்றினார் என்று எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிற கருவி அது. றஸாக் தன் கையால் எழுதியது. வெளியிலும் நாலைந்து கம்பனிகள் பாவிக்கின்றன. அதில் ஒரு வசதி: 'இந்த வரியிலிருந்து இந்த வரி வரை' என்று கேட்டால், அந்த வரிகளுக்குரியவர்களின் பெயரையும் திகதியையும் சொல்லும். அந்த வசதியைச் சோதித்துக் கையெழுத்து வைத்தவள் றினோஸா.

சும்மா சோதிக்கவில்லை. அறுபத்துமூன்று சோதனை. முதல் வரியைக் கேட்டால் என்ன, பூச்சியத்தாம் வரியைக் கேட்டால் என்ன, ஒன்றுமே எழுதாத கோப்பைக் கொடுத்தால் என்ன, பத்திலிருந்து ஐந்து வரை என்று தலைகீழாகக் கேட்டால் என்ன, கடைசி வரியைக் கேட்டால் என்ன, இல்லாத வரியைக் கேட்டால் என்ன. முதல் வரிச் சோதனைக்கு 'லாபம்' என்று பெயர் வைத்தாள். கடைசி வரிச் சோதனைக்கு 'பறக்கத்'. ஒபிஸில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. தினமும் காலையில் அறுபத்துமூன்றும் ஓடி, திரையில் பச்சை விழுந்தால்தான் மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள்.

இல்லாத வரியைக் கேட்டால் கருவி பிழையென்று கத்தக் கூடாது, இருக்கிறதில் கடைசி வரிக்குப் பின்வாங்கி அதன் பெயரைச் சொல்லவேண்டும் என்பது றஸாக்கின் முடிவு. "மனிசன் கொஞ்சம் கூடக் கேட்டா ஏசுறயா? இரிக்கிறதக் குடு" என்பார். றினோஸாவும் சரியென்று விட்டாள். அந்தத் தயவுதான் பிறகு வினையாக வந்தது.

இந்த வருஷச் சிறுபோகத்துக்கு ஒரு விவசாய சங்கம் றஸாக்கிடம் வந்தது. குளத்தில் தண்ணீர் குறையும்போது எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட மாட்டார்கள், முறை வைத்து விடுவார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முதல் நாளே விவசாயிகளின் போனுக்குச் செய்தி போகவேண்டும். அதற்கொரு செயலி. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பட்டியல், அதில் வரிக்கொரு வாய்க்கால், பக்கத்தில் நாள்.

அந்தப் பட்டியலைச் சித்திரை மாதத்தில் தட்டெழுதியவர் சசிகரன். பாண்டிருப்புப் பொடியன் என்று ஒபிஸில் சொல்வார்கள், ஆனால் பொடியனுக்குக் கல்யாணமாகி அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத் தவணை. தவணை முடிந்தால் நிரந்தரக் கடிதம், பிழை விட்டால் வீடு. முன்பு கொழும்பில் ஒரு கம்பனியில் இருந்தவர், மனைவி பிள்ளைத்தாய்ச்சியானதும் ஊரோடு இருக்கவேண்டுமென்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். இங்கே இல்லையென்றால் மறுபடி பஸ் ஏறவேண்டும், பிள்ளையின் முகத்தை மாதத்துக்கொரு தடவை பார்க்கவேண்டும். அவருடைய தவணை ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முடிய இருந்தது.

அந்த வாரத்தில்தான் முறைத் தண்ணீர் தொடங்கியது.

செவ்வாய் காலை கொக்குமடு வாய்க்காலுக்கு மதகு திறந்தார்கள். கொக்குமடுதான் கடைசி வாய்க்கால், கோடியில் கிடக்கிற கடைக்கண்டத்து வயல்களுக்கு அதுதான் உயிர். ஆனால் அந்த வயல்காரர்களின் போனுக்குப் போன செய்தியில் 'வியாழன்' என்றிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒருவரும் வயலில் இல்லை, தண்ணீர் உள்ளே வர வரம்பில் ஒரு வக்கடையும் வெட்டித் திறந்திருக்கவில்லை. வந்த தண்ணீர் வரம்பைப் பார்த்துக்கொண்டே வடிச்சல் வாய்க்காலில் விழுந்து வீணாகப் போய்விட்டது. பத்தொன்பது ஏக்கர் குடலை தள்ளி, கதிர் வெளிவரத் தொடங்குகிற நேரம்.

புதன் காலை வட்டவிதானை முகம்மது தம்பி, அந்தக் கண்டத்துத் தண்ணீருக்குப் பொறுப்பானவர், இன்னும் இரண்டு பேரோடு மாடியேறி வந்தார். அறுபது வயது மனிதர். சாரனில் சேறு காயவில்லை. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

"றஸாக், பயிர் கேக்குது, யார் இந்த வேலயப் பாத்த எண்டு. நான் என்ன செல்லட்டும்?"

றஸாக் எல்லாருக்கும் முன்னால் 'தடம்' திறந்தார். பட்டியலில் இருபத்தெட்டாவது வரி கொக்குமடு. இருபத்தெட்டிலிருந்து இருபத்தெட்டு வரை என்று கேட்டார். கருவி சுருக்கமாகச் சொன்னது: சசிகரன், சித்திரை எட்டு.

சசிகரன் எழுந்து நின்றார். "நான்... எனக்கு அத அடிச்ச ஞாபகம் இல்ல சேர்."

"ஞாபகம் இரிக்காது. புள்ள பொறந்த நேரம், நித்திர இல்லாத நேரம்" என்றார் றஸாக். கோபம் இருந்தது, ஆனாலும் நியாயம் தேடித்தான் பேசினார். பிறகு றினோஸாவின் பக்கம் திரும்பினார். "புள்ள, இது பிழயாச் செல்லுமா?"

இந்த இடத்தில் அவள் ஒரு மூச்சு விட்டிருக்கலாம். ஒரு நாள் தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் அறுபத்துமூன்று பச்சை கண்ணுக்கு முன்னால் நின்றது. கையெழுத்து வைத்தவளின் கெப்பர், அந்தத் தலைக்கனம் இருக்கிறதே, அது பொல்லாதது.

"செல்லாது காக்கா. கடைசி வரியெல்லாம் நான் சோதிச்சது" என்றாள்.

சசிகரன் அவளைப் பார்த்தார். "நீங்க சோதிச்சதுதானே அக்கா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார். வட்டவிதானை அவரை ஒரு தரம், றினோஸாவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படி இறங்கினார். பகல் சாப்பாட்டுக்குள் பெயர் மீன் சந்தை வரைக்கும் போய்விட்டது. "பாண்டிருப்புப் பொடியனாம், தண்ணிய மாத்தி உட்டானாம்" என்று கீழே புடவைக்கடையில் ஒருவர் சொன்னது மாடிக்கே கேட்டது.

றஸாக் நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஓடினார், அங்கே அதிகாரியிடம் கெஞ்சி மன்றாடி வெள்ளிக்கிழமை அரை நாள் தண்ணீருக்குச் சொல் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சசிகரனிடம் நிரந்தரக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசாததே போதுமாக இருந்தது.

வியாழன் காலை றினோஸா வந்தபோது சசிகரன் மேசையில் ஒரு பழைய கடதாசியை விரித்து வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்த கடதாசி. கந்தோர்காரர் சித்திரையில் கொடுத்த வாய்க்கால் பட்டியல் அது.

"அக்கா, நான் ஞாயம் கதைக்க வரல்ல. ஒரு விசயம் மட்டும் பாருங்க. இதப் பாத்துத்தான் நான் அடிச்ச. இதுல இருபத்தேழு வாய்க்கால்தான் இருக்கு. கொக்குமடு இல்ல."

அவள் கடதாசியை வாங்கி விரலால் எண்ணினாள். இருபத்தேழுதான். கடைசி நாவலடி வாய்க்கால், நாள் வியாழன்.

"அப்ப கொக்குமடு எங்கரிந்து வந்த?"

"அதுதானே எனக்கும் விளங்கல்ல. நான்தான் எங்கயோ கேட்டு அடிச்சிருப்பன். தடம் சொல்லுதே."

அந்த 'தடம் சொல்லுதே' அவளுக்கு எங்கேயோ குத்தியது. தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சுருக்கமாகக் கேட்கவில்லை. இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை, எழுதியிருப்பதோடு சேர்த்துக் காட்டு என்றாள். வரிகள் விழுந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சசிகரன், சசிகரன் என்றே இருந்தது.

மில்லில் மூடைக்கு முன்னால் நின்று எண்ணுவாளே, அப்படி விரல் வைத்து வாய்க்குள் எண்ணினாள். லாபம். ரெண்டு. மூண்டு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.

விரல் நின்றுவிட்டது. இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை ஒன்பது வரி வரவேண்டும். எட்டுத்தான் வந்திருந்தது. எட்டாவது வரி நாவலடி. கொக்குமடுவைக் காணோம்.

"அல்லாவே" என்றாள்.

கருவிக்கு இருபத்தெட்டாம் வரி கண்ணிலேயே படவில்லை. படாத வரியைக் கேட்டதும், றஸாக் பழக்கிய பெருந்தன்மையோடு, இருபத்தேழுக்குப் பின்வாங்கி அதற்குரியவரின் பெயரைச் சொல்லியிருக்கிறது. சுருக்கத்தில் வாய்க்காலின் பெயர் இல்லாதபடியால் யாருக்கும் விளங்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஏன் படவில்லை? பட்டியலைத் திறந்து கடைசிக்குப் போனாள். திரையின் இடஞ்சுட்டி கீழே ஒரு வெற்று வரியில் போய் நிற்கவேண்டும். நிற்கவில்லை. கொக்குமடு, வியாழன் என்ற எழுத்தின் முதுகிலேயே நின்று கண்ணடித்தது. அதாவது அந்த வரியை எழுதியவர் முடிவில் என்டர் தட்டவில்லை. என்டர் தட்டினால்தான் வரி முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் விழும். தடம் அந்த அடையாளங்களை எண்ணித்தான் வரியை எண்ணுகிறது. இருபத்தேழு அடையாளம், அதனால் இருபத்தேழு வரி. செய்தி அனுப்புகிற செயலி மட்டும் கடைசி வரியையும் ஒழுங்காக வாசித்து, வியாழன் என்று ஒழுங்காகவே அனுப்பியிருக்கிறது.

அவளுடைய அறுபத்துமூன்று சோதனைக் கோப்புகள்? அவற்றை அவள் கையால் எழுதவில்லை, ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு உண்டாக்கியவை. நிரல் ஒவ்வொரு வரிக்கும் மறக்காமல் என்டர் போடும். 'பறக்கத்' என்று பெயர் வைத்த சோதனைக்குள் பறக்கத்தே இருக்கவில்லை.

அப்படியென்றால் அந்த என்டரை விட்டது யார்? இந்த ஒபிஸில் எட்டுப் பேர். கடைசி வரிக்குக் கீழே என்டர் தட்டாமல் விடுகிற பழக்கம் எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? யாரைக் கேட்கவேண்டும்? அவளுடைய சாமான் பட்டியல், அவளுடைய குறிப்புக் கோப்பு, அவளுடைய சோதனை அறிக்கை, எல்லாமே கடைசி வரி திறந்தபடிதான் இருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சித்திரை பத்து. சசிகரன் லீவு, பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. போன் அடித்தது. சங்கத்திலிருந்து யாரோ ஒரு மனிதர், "புள்ள, எங்கட கொக்குமடு உடுபட்டுப் போச்சு, சேத்துக்க, செவ்வாய்" என்றார். அவள் மறு கையில் இடியப்பப் பார்சலைப் பிடித்துக்கொண்டு, நாவலடி வரியைப் பிரதி எடுத்து, கீழே ஒட்டி, பெயரை மட்டும் மாற்றினாள். நாளை மாற்ற மறந்தாள். வியாழன் வியாழனாகவே இருந்துவிட்டது. என்டர் தட்டாமல் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். ஒரு நிமிஷ வேலை. எந்த மனிதரின் மூளையில் மூன்று மாதம் தங்கும்?

உள்ளதைச் சொன்னால், ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. பட்டியலில் வியாழனைச் செவ்வாயாக்கிவிடலாம். கருவியையும் சத்தமில்லாமல் திருத்தலாம். யாரும் இரண்டாம் தடவை கேட்கப் போவதில்லை. சசிகரன்கூடத் தன்மேல்தான் பிழையென்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இரக்கத்தோடு இரண்டு வார்த்தை றஸாக் காக்காவிடம் பேசி, பொடியனைப் பாவம் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். நல்ல பெயரும் வரும்.

சீ என்று தன்னையே ஏசினாள்.

முதலில் அறுபத்துநாலாவது சோதனையை எழுதினாள். கடைசி வரி திறந்திருக்கிற ஒரு கோப்பு, இந்தத் தடவை தன் கையால் தட்டியது. கொக்குமடுப் பட்டியலையே எடுத்து வைத்தாள். 'இருபத்தெட்டாம் வரியைக் கேட்டால் வரவேண்டிய பெயர்: றினோஸா.' ஓடவிட்டாள். சிவப்பு விழுந்தது, கருவியின் பிழை பிடிபட்டது. மூன்று வருஷத்தில் அந்தத் திரையில் விழுந்த சிவப்பில் அவள் ஆசைப்பட்டு விழுத்தியது அது ஒன்றுதான்.

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து வந்த றஸாக்கைக் கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் இருத்தினாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

"எண்ணிற முறைய எழுதின நான். சோதிச்சது நீ. அடிச்சதும் நீ. அந்தப் பொடியன் இதுல எங்கயும் இல்ல" என்றார்.

"இல்ல காக்கா."

றஸாக் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "செரி. கருவிய நான் திருத்துறன். வெளிக் கம்பனிகளுக்கும் செல்லிருவம். சசிகரனுக்கு நாளைக்குக் கடிதம் குடுத்துருவம். விதானைக்கிட்ட 'ஒபிஸ் பிழ' எண்டு செல்லுவம். உண்ட பேரு ஏன் வெளிய போகணும்? நீ பொம்புளப்புள்ள, ஊருக்குள்ள இரிக்கிற."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கும் அது நிழலாக இருந்தது. ஆனாலும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"சசிகரண்ட பேர் சந்தைக்குப் போயிட்டு காக்கா. ஒபிஸ் பிழயெண்டா, 'அவனக் காப்பாத்துறானுகள்' எண்டுதான் ஊர் செல்லும். போன பேரத் திருப்பி எடுக்க இன்னொரு பேர் வேணும். உள்ள பேர்தானே, குடுப்பம்."

சசிகரனிடம் சொல்லும்போதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நான் ராத்திரி முழுக்க யோசிச்ச. நான் அடிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். ஆனா நீங்க சோதிச்சது எண்டு சொன்னோடன, என்ட மண்டைதான் பழுதாப் போயிட்டோ எண்டு நினைச்ச. வீட்ட போய் மனிசிக்கிட்டயும் பிழ என்னுடையதுதான் எண்டு சொல்லிட்டன்."

அவர் தன்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று றினோஸாவுக்குத் தோன்றியது. "மன்னிச்சிருங்க தம்பி" என்றாள்.

வெள்ளிக்கிழமை சசிகரனுக்கு நிரந்தரக் கடிதம் கிடைத்தது. அரை நாள் தண்ணீரும் கிடைத்தது. சனிக்கிழமை காலை நளீமின் மோட்டார் சைக்கிளில் றினோஸாவும், தன்னுடையதில் சசிகரனும் கடைக்கண்டத்துக்குப் போனார்கள். "எஞ்சின் பிழச்சா நான் எஞ்சினுக்குத்தான் ஏசுவன், கடலுக்கு ஏசுறல்ல" என்று வழியெல்லாம் நளீம் எதையோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவளுக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

முகம்மது தம்பி வரம்பில் நின்று மண்வெட்டியால் வக்கடை ஒன்றை அடைத்துக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கம் நாலைந்து ஏக்கர் கதிர் வெளுத்து, மணி பிடிக்காத சப்பியாகத் தெரிந்தது. மற்றது தப்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வரம்பில் இன்னும் இரண்டு விவசாயிகள் நின்றார்கள். அவர்கள் சசிகரனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள்.

றினோஸா ஸலாம் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினாள். "விதானையார், கொக்குமடுவுக்கு நாளப் பிழயா அடிச்சது இவர் இல்ல. நான். எங்கட கருவி பேர மாத்திச் சொன்ன. அதச் சரியெண்டு உங்களுக்கு முன்னால செல்லினதும் நான்தான்."

முகம்மது தம்பி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"சித்திரையில போன் எடுத்துச் செல்லினது நான்தானே. 'செவ்வாய்' எண்டன், நீ 'ஓம், போட்டுட்டன்' எண்ட. பொம்புளக் குரல். உண்ட ஒபிஸ்ல ஒரு பொம்புளப்புள்ளதானே இரிக்கிற?"

"அப்ப ஏன் அண்டைக்குச் செல்லல்ல?"

"நான் செல்லத்தான் மாடி ஏறின. அதுக்குள்ள றஸாக் கொம்பியூட்டரத் திறந்தார், பேர் வந்த, நீ சோதிச்சதெண்ட. அப்ப எனக்கே ஐமிச்சம் வந்திட்டு, ஒரு வேள அந்தத் தம்பிக்கிட்டயும் இன்னொருக்காச் செல்லினனோ எண்டு. வயசு போன மனிசன், நான் கொம்பியூட்டரோட வாதாடுறயா?" சொல்லிவிட்டு மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தட்டினார். "ஒருத்தரும் என்னக் கேக்கவும் இல்லயே புள்ள."

பிறகு சசிகரனின் தோளைத் தொட்டார். "தம்பி, வாங்க, தேத்தண்ணி ஒண்டு குடிப்பம்" என்று வயல் குடிலான வாடியை நோக்கி நடந்தார். முகம் திருப்பியிருந்த இருவரில் ஒருவர் விலகிச் சசிகரனுக்கு வழி விட்டார். றினோஸா வரம்பிலேயே நின்றாள். அவள் அழுததை நளீம் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு வடிச்சலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது தினமும் காலையில் அந்த மாடியில் அறுபத்துநாலு சோதனை ஓடுகிறது. கடைசிச் சோதனையில் 'இருபத்தெட்டு: றினோஸா' என்று பச்சையில் விழுகிறது. பெயரை மாற்றிவிடலாமே என்று றஸாக் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. இயந்திரத்தால் ஓட்ட முடியாத ஒன்றையும் அந்தப் பட்டியலின் அடியில் தட்டி வைத்திருக்கிறாள்: 'பெயரைச் சொல்லுமுன், சம்பந்தப்பட்ட மனிதரைக் கேட்டாயா?'

அந்த வரிக்குக் கீழே அவள் இன்னும் என்டர் தட்டவில்லை.